முப்பத்திரண்டு சரியான விடைகள்

போன செவ்வாய்க்கிழமை தபாலில் வந்த கடிதத்தை இதுவரை நாலு தரம் படித்துவிட்டேன். கணிதக் கல்வி ஆராய்ச்சியில் ஒரு வருஷ போஸ்ட் டாக்டரல் பயிற்சி... வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்... தேர்வாகிவிட்டேன்!

"டாக்டர் பட்டம்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன ட்ரெயினிங்?" என்றார் கணவர்.

நியாயமான கேள்விதான். பதில் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முந்திய கதை. விண்ணப்பத்தோடு ஒரு மாதிரி ஆய்வும் கேட்டிருந்தார்கள் — பிள்ளைகள் கணக்கில் எங்கே பிழை விடுகிறார்கள், ஏன் விடுகிறார்கள்? பட்டம் எடுத்து ஐந்து வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு அது ஐந்தாவது வருஷம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் விழித்துக்கொண்டதோ திங்கட்கிழமை!

அந்தப் பாடசாலைக்குப் போன் போட்டு, ஐந்தாம் ஆண்டுக்குக் கழித்தல் கணக்கு கொடுத்து வைக்கச் சொன்னேன். புதன்கிழமை பஸ் ஏறினேன். சமாதானப் பேச்சு நடக்கிற காலம் அல்லவா, செக்பாயிண்டில் யாரையும் இறக்கவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வராஜ் என்னைவிடப் பத்து வயது இளையவர். பாடசாலை அதிபரும் அவரே, ஐந்தாம் ஆண்டு ஆசிரியரும் அவரே. சிரித்த முகத்தோடு விடைத்தாள்களை நீட்டினார்.

52இல் 27 போனால் 25... 25... 25. முப்பத்திரண்டு பேரும் சரி!

கல்விக் கந்தோரிலிருந்து மேற்பார்வைக்கு ஆள் வந்தால் நம் பள்ளிக்கூடங்களில் என்ன நடக்கும் என்று தெரியும்தானே? நான் வேறு அந்தக் கந்தோரின் கணித ஆலோசகர். மனிதர் விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்.

"சேர், எனக்குப் பிழைதான் வேணும்" என்றேன், அழாக்குறையாக.

அவர் பதறிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க மேடம்... ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க."

பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் புதுத் தாள்கள் வந்தன. 52இல் 27 போனால்... 79. முப்பத்திரண்டு பேரும் ஒற்றுமையாகக் கூட்டியிருந்தார்கள்!

"இப்ப போதுங்களா மேடம்?"

சிரிப்பதா, அழுவதா? நிலைமையை உடைத்துச் சொன்னேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பலேன்னா எல்லாம் போச்சு சேர். பிள்ளைங்க நெசமா விடுற பிழை வேணும். நான் குறை எழுத வரல்ல."

அவர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகள் ஒரு கட்டை எடுத்து வைத்தார்.

ஒவ்வொரு பிழைக்கும் சிவப்புப் பென்சிலால் ஒரு கீறல். பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்பு. 52இல் 27 போகிற அதே கணக்குக்கு ஒரு பிள்ளை 35 என்று எழுதியிருந்தாள். அதற்கு அவர் எழுதியது: "ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கலாம் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள்."

பக்கத்துக்குப் பக்கம் இப்படியே! நான் டாக்டர் பட்டம் வாங்கிய விஷயத்தை இந்த மனிதர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

"இத போய் ஏன் சேர் பூட்டி வெச்சிருக்கீங்க?"

தயங்கித் தயங்கி, மேற்பார்வைக்கு வருகிறவர்கள் எழுதும் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முந்திய குறிப்பு: 'கொப்பிகளில் பிழைகள் மிக அதிகம். அதிபர் உடனே கவனிக்கவும்.'

கீழே கையெழுத்து... என்னுடையது. நான் மறந்தே போயிருந்தேன்.

"அதுக்கப்புறம் யாரு வந்தாலும் கொப்பிய காட்டுறதில்லீங்க மேடம்" என்றார், மெதுவாக.

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சம்மதத்தோடு குறிப்புகளைப் படியெடுத்து, அவர் பெயரையும் போட்டு, வெள்ளிக்கிழமை மாத்தளை டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையிலிருந்து பெக்ஸ் அனுப்பினேன். ஆய்வின் முதல் பக்கத்தில் நான் அலசிய பிழை பிள்ளைகளுடையது அல்ல, என்னுடையது. வந்த கடிதத்தில் அந்தப் பக்கத்துக்குத்தான் இரண்டு வரி பாராட்டு!

நேற்று அவரிடம் சொல்லப் போனேன். அந்தக் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, என் பழைய குறிப்பின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கீறல் போட்டேன். செல்வராஜ் வாய்விட்டுச் சிரித்தார். பென்சிலை வாங்கி, வழக்கம்போலப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினார்:

"கொப்பியைத் திறந்திருக்கிறார். படிக்கவில்லை. பஸ்ஸுக்கு அவசரம்."

சரியான விடை. அன்றைக்கு எனக்கு இரண்டு மணி பஸ்!