ஹரிதாஸின் நாடிக் கணக்கு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. தேவமலர் அப்போது வகுப்பில் இருந்தாள். பள்ளி அலுவலகத்திலிருந்து வந்தவர் புத்தகப் பையையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். பை எதற்கு என்று யோசித்தபடியே படியிறங்கினாள். கீழே மாமாவின் கார் நின்றது. குருபோங் தொழிற்சாலையில் அவளுடைய அப்பா ஹரிதாஸ் தான் ஓட்டும் ஃபோர்க்லிப்ட் வண்டியிலிருந்து இறங்கி, இரண்டடி நடந்து, விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருமுன் உயிர் போய்விட்டது. வயது நாற்பத்தேழு.

ரெம்பியா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளியில் மூன்றாம் படிவத் தேர்வில் தவறி, பதினாறு வயதில் வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு தேர்வு என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஃபோர்க்லிப்ட் லைசன்ஸ் எடுக்கப் போன அன்று காலையில் பசியாறாமலே போனார்.

மகள் நான்காம் படிவத்தில் விளையாட்டு அறிவியலைப் பாடமாக எடுத்தபோது அவருக்கு விளங்கவில்லை.

"ஓடுறதுக்கு எதுக்கும்மா புத்தகம்? பேசாம அக்கவுண்ட்ஸ் எடுலா."

"ஓடுறது இல்லப்பா. ஓடினா ஒடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு படிக்கிறது. எஸ்பிஎம் பரீட்சையில இதுக்கு ஒரு பேப்பர் இருக்கு."

"ஓடினா மூச்சு வாங்கும். அதுக்கு ஒரு பேப்பரா?"

ஆனாலும் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் படிவத்தில் ஒரு செய்முறைப் பணி கொடுத்தார்கள். பெரியவர் ஒருவருக்கு எட்டு வாரம் நடைப்பயிற்சி கொடுத்து, ஓய்வாக இருக்கும்போது அவருடைய நாடித் துடிப்பு எப்படி மாறுகிறது என்று எழுத வேண்டும். மலர் அப்பாவைப் பிடித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சோபாவில் உட்கார வைத்து, மணிக்கட்டில் விரல் வைக்கக் காட்டிக்கொடுத்தாள்.

"பதினஞ்சு விநாடி எண்ணுங்க. வர்றத நாலால பெருக்குங்க. அதான் ஒரு நிமிஷத்துக்கு."

அம்மா கோமளா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்த மனுஷன் இவ்ளோ நேரா ஒக்காரல."

"சும்மா இரு, எண்ணிக்கை தப்பிடும்."

அன்று மலரே எண்ணினாள். இருபத்தொன்று. நிமிடத்துக்கு எண்பத்து நான்கு.

"நடக்க நடக்க இது கொறையணும்ப்பா," என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை அவர் பிடித்துக்கொண்டார்.

மாலையில் வேலைச் சப்பாத்தைக் கழற்றாமலே குடியிருப்புத் தாமானின் திடலைச் சுற்றி நடந்தார். திங்கள்தோறும் வேலை தொடங்குமுன் உட்கார்ந்து எண்ணி, வாட்சாப்பில் அனுப்பினார். 83, 82, 81, 79, 78. மலரின் வரைபடத்தில் கோடு அழகாக இறங்கியது. அதைப் பார்த்த ஆசிரியை, அப்பா விளையாட்டு வீரரா என்று கேட்டார். வீட்டில் வந்து சொன்னதும் ஹரிதாஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்ப எனக்கு எத்தன மார்க்?"

"ஒங்களுக்கு இல்லப்பா, மார்க் எனக்குத்தான்."

"ரெண்டும் ஒண்ணுதான்லா."

எழுபத்தெட்டு வந்தது ஒரு திங்கட்கிழமை. மறுநாள்தான் அவர் விழுந்தார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள், அவருடன் வேலை செய்த திலீப், லாக்கரில் இருந்த சாமான்களைக் கொண்டுவந்தார். ஒரு ஜோடி சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், கிழித்த சிகரெட் பெட்டி அட்டை ஒன்று. அட்டையில் பேனாவால் வரிசையாக எழுதியிருந்தது: 22, 23, 24, 25, 26.

"இது என்ன அங்கிள்?"

"ஒங்கப்பா எண்ணுனதும்மா. திங்கக்கெழமையானா மணிக்கட்டப் பிடிச்சிட்டு ஒக்காந்துடுவாரு. நம்பரு கூடிப்போனா தண்ணி குடிச்சிட்டு மறுபடியும் எண்ணுவாரு. அப்பவும் கொறையாது. 'இத அனுப்பினா பிள்ளைக்கு மார்க் போயிடும்டா'ன்னு வேற நம்பரு போடுவாரு. 'என்ன தாஸ்ண்ணே, பரீட்சையில காப்பியடிக்கிறீங்களா'ன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்." சொல்லிவிட்டுத் திலீப் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

இருபத்தாறை நாலால் பெருக்கினால் நூற்று நான்கு. ஓய்வில் நூறைத் தாண்டினால் பயிற்சியை நிறுத்திக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். மலரின் கோப்பில் மூன்றாம் பக்கத்தில் அவள் கையாலேயே எழுதிய வரி அது. குறைய வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னவள், கூடினால் என்ன என்று சொல்லவில்லை.

வாட்சாப்பைத் திறந்து பார்த்தாள். எழுபத்தொன்பது. பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் எழுபத்தொன்பது வராது. எண்பத்து மூன்றும் வராது. அவர் அனுப்பிய ஐந்தில் ஒன்றுகூட நாலால் வகுபடாது. ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் அவள் புள்ளி வைத்திருந்தாள்.

"பழைய வரைபடத்தையே குடுத்துடு," என்றார் அம்மா. "ஒனக்காகத்தானே அனுப்பினாரு."

"அது அப்பாவோட நாடி இல்லம்மா."

கோமளா அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, மகளின் கோப்புக்குள்ளேயே வைத்தார்.

ஆசிரியை மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறார். புதிய வரைபடத்தாளில் ஆறு புள்ளிகளும் வைத்தாகிவிட்டது: 84, 88, 92, 96, 100, 104. அவற்றைச் சேர்க்கும் கோடு இன்னும் போடவில்லை.