நிற்கிற வண்டிக்கும் பிரேக்

பிரேக் அக்காவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கூப்பிட ஆளில்லாமல் அது லைசென்ஸ் அட்டையில் சும்மா கிடக்கிறது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். ஒரே ஒரு வண்டி வைத்துக்கொண்டு, தானே முதலாளி, தானே டீச்சர், தானே வண்டி கழுவுகிறவள் என்று தனி ஆளாக நடத்துகிற டிரைவிங் ஸ்கூல்.

பயிற்சி வண்டி எல்லாவற்றிலும் டீச்சர் உட்காரும் பக்கத்தில் இன்னொரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு மட்டும் மிதிப்பதற்காக வைத்தது. அக்காவின் வலது கால் அதிலேயே குடியிருந்தது. பழகுகிறவர் வளைவைப் பார்ப்பதற்கு முன்பே வண்டி மெதுவாகிவிடும். அந்தக் கால் வண்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஸ்ஸில் போனாலும் தரையை மிதிப்பாள். வீட்டில் டிவியில் கார் வேகமாகப் போனால் சோபாவுக்கு முன்னால் விரித்திருக்கும் பாய் மடங்கும்.

அவளிடம் பழக உட்கார்ந்தும் லைசென்ஸ் வாங்காதவர் இந்த ஊரில் ஒருவர்தான். அவர் அவள் புருஷன்.

அவர் பேக்கரியில் ரொட்டி மாஸ்டர். விடியும் முன்பே சைக்கிளில் போய் அடுப்பைப் பற்றவைத்து, மதியத்துக்குள் வீடு திரும்பி, சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மனிதர். கல்யாணமான புதிதில் அக்கா அவரை வண்டியில் உட்காரவைத்தாள். தெருமுனை போவதற்குள் அவள் கால் எத்தனை முறை பிரேக்கில் விழுந்ததோ, கணக்கில்லை. மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டி, சாவியை அவள் மடியில் வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் அந்தச் சீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை. "அவருக்குப் பயம்" என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிவைத்தாள். அவரும் மறுக்கவில்லை. டிரைவிங் டீச்சர் வீட்டுக்காரர் சைக்கிளில் போகிறார் என்று ஊர் சிரித்தது; அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் மட்டும் அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் அந்த முள் பெரிதாயிற்று. பேக்கரி முதலாளி புறவழிச்சாலையில் புதிதாக ஒரு பெரிய பேக்கரி கட்டினார். அதற்குத் தலைமை மாஸ்டராக இவரையே கேட்டார். விடியும் முன்பு அங்கே பஸ் கிடையாது, சைக்கிளுக்கு அது தூரம். வண்டி நாங்களே தருகிறோம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், ஓட்டத் தெரிந்தால் போதும் என்றார் முதலாளி. திறப்பு விழாவுக்கு முன்னால் பதில் வேண்டும் என்றும் சொன்னார். மாஸ்டர் வீட்டுக்கு வந்து, "வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அந்த வேலைக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். புது அடுப்பு எப்படி இருக்கும் என்று தூக்கத்தில்கூடப் பேசுகிறவர். நானே சொல்லித்தருகிறேன் என்று அவள் வாயெடுத்தாள். மாஸ்டர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும் ரகம் இல்லை. ஒன்று நடக்கவில்லை என்றால் இன்னொன்றைத் தொடங்கிவிடுவாள். போன வருஷம்தான் பழைய பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிட்டு எலக்ட்ரிக் கார் வாங்கியிருந்தாள். இப்போது மாடியில் சோலார் பேனல் போடப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மாடியில் வெயில் சும்மாதானே விழுந்துகொண்டிருக்கிறது, அதை வண்டிக்குப் போட்டால் என்ன என்பது அவள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான்.

பேனல் மாட்ட வந்தவர் பொறுமைசாலி. மாடியை அளந்தார், தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு, "அக்கா, வண்டி எந்த நேரத்துல வீட்டுல நிக்கும்?" என்று கேட்டார். அக்கா அப்போது அவருடைய உதவியாள் பேனல் தாங்கும் சட்டத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். "வண்டி நம்ம வண்டி, எப்ப வேணா நிக்கும். நீங்க வேலையப் பாருங்க" என்றாள். அவர் இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தார். அதற்கும் அதே பதில்தான்.

வேலை சுத்தமாக முடிந்தது. மாடியில் பேனல்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. படிக்கட்டுக்குக் கீழே மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, கார் நிறுத்தும் இடத்துச் சுவரில் சார்ஜர், அதிலிருந்து தொங்கும் தடித்த கறுப்புக் கேபிள். அக்கா அன்றைக்கே ஸ்டிக்கர் கடைக்குப் போய் வண்டியின் பின்கண்ணாடியில் எழுதவைத்தாள்: 'இந்த வண்டி எங்கள் வீட்டு வெயிலில் ஓடுகிறது.'

எதிர்வீட்டில் இருப்பவர் பெட்ரோல் பங்க் நடத்தி ஓய்ந்தவர். மாலையானால் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தினமும் இருட்டுகிற நேரத்தில் வண்டியைக் கொண்டுவந்து கேபிளைச் செருகுவதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கேட்டார்:

"ஏம்மா, சூரியன் எப்பலேருந்து நைட் ஷிப்டுக்கு வருது?"

அக்காவுக்குச் சுரீர் என்றது. பகலெல்லாம் வண்டி பாடத்துக்காக ஊர் சுற்றுகிறது. வெயில் கொளுத்துகிற நேரத்தில் மாடியில் விளைகிற கரண்ட்டை வாங்கிக்கொள்ள வீட்டில் வண்டி இல்லை. அது தெரு லைனுக்குப் போகிறது. வண்டி வந்து சேரும்போது வெயில் இல்லை. தெரு லைனிலிருந்துதான் ஏறுகிறது. இதைத்தான் பேனல்காரர் இரண்டு தடவை கேட்டார். பாதையைப் பார்க்காமல் வண்டியை எடுக்காதே என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள், தன் வண்டியின் பகல் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் வண்டி, அதுதான் வீடு. டிரைவிங் டீச்சரைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

ஸ்டிக்கரைச் சுரண்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஒரு நிமிஷம்தான். மறுநாளே பாட நேரத்தை மாற்றினாள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், நடுப்பகல் முழுக்க வண்டி வீட்டில். ஆனால் நடுப்பகலில் பழக வருகிறவர்கள் எல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற அம்மாக்கள். அவர்களுக்கு வேறு நேரம் கிடையாது. அவர்களைக் கைவிட அக்காவுக்கு மனசு வரவில்லை. அதனால் வீட்டுக்கே வரச் சொன்னாள்.

கேபிள் செருகியிருக்கும்வரை அந்த வண்டி அசையாது. எந்தப் பெடலை எப்படி மிதித்தாலும் சரி. ஏசி ஓடும், கண்ணாடிகள் திரும்பும், இண்டிகேட்டர் விழும், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களை அக்கா அந்த நிற்கிற வண்டியில் உட்காரவைத்தாள். எப்படி உட்காருவது, கண் எங்கே போகவேண்டும், கால் எதைத் தேடவேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பழக்கினாள். கட்டிலில் படுத்துக்கொண்டு நீச்சல் சொல்லித்தருகிறாள் என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். சாலையில் உதறிய கைகள் இங்கே உதறவில்லை என்பதை அக்கா முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். தன் தப்பிலிருந்து இப்படி ஒரு நல்லது வந்ததே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் வரவேண்டிய அம்மா வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். அக்கா வழக்கமான சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வேலை முடிந்து வந்தார், சட்டையெல்லாம் மாவு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. காருக்குள் ஏசி ஓடுவதைப் பார்த்தார். முன்னால் காலியாக இருந்த சீட் ஒன்றுதான். கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்திருக்க வேண்டும். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அவளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று அவளிடம் பழகியவர்களுக்குத் தெரியும். மாஸ்டர் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனார்.

மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும். பாடம் முடிந்து ஆள் போனதும் அவர் ஏறிக்கொள்வார். அக்கா எதையும் கேட்கவில்லை. ஒரு நாள் அவராகவே, "பழகறவங்களுக்கு ஏதோ லைசென்ஸ் வாங்கணுமாமே" என்றார். அடுத்த நாளே கூட்டிக்கொண்டுபோய் வாங்கிவிட்டாள்.

அதற்கப்புறம் நிற்கிற வண்டியில் மாஸ்டர் பேக்கரிக்குப் போக ஆரம்பித்தார். சைக்கிளில் வருஷக்கணக்காகப் போன பாதையின் ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு மனப்பாடம். "இதோ பள்ளிக்கூடம், மெதுவாப் போறேன். இதோ வளைவு" என்று சொல்லிக்கொண்டே இண்டிகேட்டர் போட்டார், பெடலை மிதித்தார். முன்னால் இருந்தது சுவரும் சார்ஜரும்தான். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் பயம் என்று ஒன்றை அவள் தேடினாள். இல்லவே இல்லை.

மாஸ்டர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். கீழே, அவள் பக்கம் பார்த்தார்.

"நிக்கிற வண்டிக்கும் பிரேக்கா?"

அக்கா குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கால் பிரேக்கை அடிவரை அழுத்தியிருந்தது. எப்போது போயிற்று என்று அவளுக்கே தெரியாது. சிரித்து மழுப்பப் பார்த்தாள். முடியவில்லை. இத்தனை வருஷமாக அவருக்குப் பயம் என்று ஊரெல்லாம் சொன்னோமே என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

வார இறுதியில் மாஸ்டர் கேபிளைக் கழற்றினார். காய்கறி கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலித் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மெதுவாக, நன்றாகவே ஓட்டினார். ஆனால் ஒரு தள்ளுவண்டி தூரத்தில் தெரிந்ததுமே அக்காவின் கால் விழுந்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. திரும்பும்போது இன்னொரு தடவை. மாஸ்டர் வீட்டுக்குள் வண்டியை நிறுத்தி, கேபிளை எடுத்துச் செருகிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பழைய சாவி மறுபடி மடியில் விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு. இந்தத் தடவை அவரைப் போகவிட்டால் அவர் திரும்ப ஏறமாட்டார், புது அடுப்பும் போய்விடும். அன்றைக்கு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலாளிக்குப் பதில் சொல்லவேண்டிய நாள் வந்தது. மாஸ்டர் மதியம் வந்து சட்டையை மாற்றிக்கொண்டார். காலையிலிருந்து அடித்த வெயிலில் வண்டியின் பேட்டரி நிறைந்திருந்தது. முதலாளி புதுப் பேக்கரியில் இருக்கிறார், ஒரு நாள்தானே, சைக்கிளிலேயே போய் முடியாதென்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவரை அக்கா கூப்பிட்டாள்.

"ஏங்க, வண்டியில போலாம். நீங்க ஓட்டுங்க."

அவர் அவள் காலைப் பார்த்தார். அக்கா வண்டிக்குள் ஏறினாள். செருப்பை வெளியே கழற்றிப் போட்டாள். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லித்தந்தவள் சாப்பாட்டுப் பந்தியில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் கேபிளைப் பிடுங்கி, சுருட்டி, சுவரில் மாட்டினார்.

வண்டி வெளியே வந்ததும், அன்றைக்கு மதியமே வாசலில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். புறவழிச்சாலையில் ஏறும் இடத்தில் ஒரு லாரி திடுக்கென்று முன்னால் வந்து திரும்பியது. அக்காவின் முழங்கால் துள்ளியது. இரண்டு கையாலும் கணுக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. வண்டி அவள் கால் படாமலேயே, அழகாக, எந்தக் குலுக்கலும் இல்லாமல் மெதுவாகி நின்றது. லாரி போனது. மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், கிளம்பினார். இவ்வளவு நல்ல டிரைவரைத் தான் இதுவரை பார்த்ததில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கக் கையை எடுத்தால் கால் இறங்கிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

புதுப் பேக்கரி வாசலில் மாஸ்டர் வண்டியை நிறுத்தினார். முதலாளி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இறங்கப் பார்த்தாள். இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. ஒன்றும் அசையவில்லை. மாஸ்டர் சுற்றிவந்து அவள் பக்கக் கதவைத் திறந்தார். காலைத் தேய்த்துவிட்டுப் பார்த்தார், ஊசி குத்துகிறது என்று அவள் முனகினாள். அவர் சிரித்தார்.

"நீ இங்கேயே இரு. நான் வரேன்னு சொல்லிட்டு வரேன்."

சாவியை அவள் மடியில் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.