கேட்கப் போய் மாலை போட்ட கதை

சென்ற வாரம் பட்ஜெட் வாசித்தார்கள். நாங்கள் பள்ளிக்கூட ஓய்வறையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். என்னென்னவோ சலுகைகள் வந்தன. "தொண்டர் ஆசிரியர்களுக்கும் மருத்துவக் காப்புறுதி" என்ற வரி மட்டும் வரவில்லை. யாரோ எழுந்து ரேடியோவை அணைத்தார்கள்.

அரசாங்கத்தைத் திட்டி இந்த வாரப் பத்தியை நிரப்பியிருக்கலாம். நீங்களும் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள். ஆனால் இந்தத் தடவை வாய் வரவில்லை. அந்த வரி வராமல் போனதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது... எழுதாமல் விட்டால் இன்னும் கூச்சம்.

எஹலியகொடப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் சங்கத்துக்கு நான் செயலாளர். நிரந்தர நியமனம் உள்ள எங்களுக்குக் காப்புறுதி உண்டு. எங்களோடு சேர்ந்து படிப்பிக்கும் தொண்டர் ஆசிரியர்களுக்கு இல்லை. அவர்களில் ஒருவர் விமலா டீச்சர். இருதயத்தில் ஒரு வால்வு பழுது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை இலவசம்தான், ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கக் கூடாது என்கிறார் டொக்டர். பிரைவேட்டில் செய்ய வசதி வேண்டாமா?

பட்ஜெட்டுக்கு முன்பு ஒரு பிரதியமைச்சர் இரத்தினபுரிக்குப் போகும் வழியில் எங்கள் பாடசாலையில் இறங்க ஒப்புக்கொண்டார். கோரிக்கையை எழுதி மகஜராகக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். மகஜரை எல்லோரும் வாங்குவார்கள், யார் படிக்கிறார்கள்? விமலா டீச்சரே நேரில் சொல்லட்டும். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

நல்ல திட்டம்தான். ஆனால் வருகிறவரை வெறுங்கையோடு வரவேற்கலாமா?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தீபாவளிக்குத் தோட்டத்துத் துரைக்கு மாலை போட்டு, பழத்தட்டு வைத்து, சலாம் சொல்லி, அதற்குப் பிறகு தலையைச் சொறிந்துகொண்டு லயத்து வீட்டுக் கூரை ஒழுகுவதைச் சொன்ன பரம்பரை நாம். துரைமார் போய்விட்டார்கள். மாலை மட்டும் போகவில்லை.

பிரதியமைச்சருக்குப் பொன்னாடை. அவருக்கு மட்டும் போட்டால் கூட வந்தவர்கள் கோபிப்பார்கள் — அவர்களுக்கும் பொன்னாடை. எல்லாவற்றையும் ஒரே பாடசாலை அதிபர் போர்த்தினால் மற்றப் பாடசாலை அதிபர்கள் கோபிப்பார்கள் — ஆளுக்கொருவராக மேடையேறினார்கள். பிறகு பிள்ளைகளின் கும்மி. பிறகு என் வரவேற்புரை. மலையகத்தின் விடிவெள்ளி, கல்விக் காவலர், ஏழைகளின் இதயம்... வாயில் வந்த பட்டமெல்லாம் கொடுத்தேன். முதல் தமிழில், பிறகு சிங்களத்தில். கைதட்டல் கேட்டதும் இன்னும் இரண்டு பட்டம் சேர்த்தேன்.

விமலா டீச்சர் எங்கே? வாசலில். சந்தனம், குங்குமம், பன்னீர்ச் செம்பு வைத்த தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு, காலையிலிருந்து நின்றபடி. வரவேற்புக்கு டீச்சர்மார் நிற்க வேண்டும் அல்லவா? இருதயம் பழுதான ஒருவரை நிற்க வைத்திருக்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரதியமைச்சரின் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரதியமைச்சர் எழுந்தார். மனிதரைக் குறை சொல்ல முடியாது, கேட்டார். "உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருந்தா சொல்லுங்க" என்று சிங்களத்தில் கேட்டார். எங்கள் தலைவர் பெருமாள் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். கையைக் கூப்பினார்.

"எங்களுக்கு என்னங்கய்யா பிரச்சின. நீங்க இவ்வளவு தூரம் வந்ததே போதுங்க."

சபை மரியாதை. வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்ததும் குறை சொல்லக் கூடாது, இரண்டாம் தடவை கேட்டால் சொல்லலாம். நம் வழக்கம் அதுதானே? பிரதியமைச்சருக்கு அந்த வழக்கம் எப்படித் தெரியும்?

மைக் என் பக்கம் திரும்பியது. அந்த இடத்தில் நான் விமலா டீச்சரைக் கூப்பிட்டிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம். என்ன செய்தேன் தெரியுமா? மொழிபெயர்த்தேன். ஒரு சொல் குறையாமல், நல்ல சிங்களத்தில், கொஞ்சம் இனிப்பும் கூட்டி.

"பொஹொம ஸ்துதி" என்று மகிழ்ச்சியோடு நன்றி சொன்னார் பிரதியமைச்சர். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை. வாசலில் விமலா டீச்சர் பன்னீர் தெளித்தார். வாகனங்கள் புறப்பட்டன. தலைவர் என் தோளைத் தட்டி, "கூட்டம் அமோகம்" என்றார். அப்போது எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதுதான் கேவலம்.

பட்ஜெட்டுக்கு மறுநாள் விமலா டீச்சரைக் கண்டேன். மூன்றாம் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நிற்க முடிவதில்லை இப்போது.

"டீச்சர், அன்னைக்கு நீங்களாவது முன்னுக்கு வந்து பேசியிருக்கலாமே" என்றேன். பழியில் பாதியை அங்கே இறக்கி வைக்கும் ஆசை. என் புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.

அவர் கோபப்படவில்லை. "எப்புடி சேர் பேசுறது? தலைவரு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. நீங்களும் அதையே சிங்களத்துல சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் பேசினா உங்க ரெண்டு பேரையும் பொய்யாக்கின மாதிரி ஆயிருமே."

ஏதாவது பேச வேண்டுமே என்று, "என்ன சொல்லலாம்னு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்ல சேர். நானும் படிப்பிக்கிறேன், எனக்குச் சுகமில்ல, ஒப்பரேஷன் செஞ்சா இன்னும் கொஞ்ச காலம் படிப்பிப்பேன்னு. அவ்வளவுதான்."

மலையகத்தின் விடிவெள்ளி என்று நான் இரண்டு மொழியில் சொல்லி முடிக்க அதைவிட அதிக நேரம் எடுத்திருந்தது.