முதலில் கோடு போட்டவன்

பிளான் போடுகிறவனுக்குப் பயம் இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அது நிறையவே உண்டு. நான் வரைந்த வீட்டில் யாராவது குடிபோனால் முதல் வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் வராது. உத்தரம் தொய்ந்திருக்குமா, கிணறும் கக்கூசும் கிட்டக்கிட்ட வந்துவிட்டதா என்று படுக்கையில் புரண்டுகொண்டிருப்பேன். "நீ கட்ன வூட்ல ஜனங்க நல்லா தூங்குது, நீதான் இங்க முழிச்சிகினு கீற" என்பாள் என் மனைவி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆபீசில் டிரேசிங் துணிமேல் கோடு இழுத்துப் பழகி, பிறகு கார்ப்பரேஷன் லைசென்ஸ் வாங்கினேன். படித்தவர்களுக்குச் சந்தேகம் வந்தால் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்து முடித்துக்கொள்வார்கள். எனக்கு வந்த சந்தேகம் என்னோடேயே குடியிருக்கும்.

ராயபுரத்தில் எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, கட்டடம் வரைகிறவர்களின் சங்கம். துறைமுகம் கட்டிய காலத்தில் பகலில் வெள்ளைக்கார இஞ்சினியர்களிடம் வேலை பார்த்து, சாயங்காலம் ஊர்க்காரர்களுக்கு வீடு வரைந்து கொடுத்த சிலர் ஆரம்பித்தது அது. நான் சேர்ந்தபோது அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. ஒரு சாக்குக் கிடங்கின் மாடியில் ஓர் அறை, அதில் ஒரு நீள மேஜை. மாதத்தின் முதல் ஞாயிறு கூடிப் பேசுவோம், முடிந்ததும் மசால் வடையும் டீயும் வரும். யுத்த சமயத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோதும் முதல் ஞாயிறன்று நாலு பேர் வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார்கள். வடைக்காரனும் ஓடிவிட்டதால் பட்டாணி தின்றார்களாம். அந்த நாலு பேரில் நான் இல்லை. காஞ்சிபுரத்தில் மச்சான் வீட்டில் இருந்தேன்.

டவுனில் பெரிய ஆபீஸ் வைத்திருந்தவர்கள் எங்களை ஆர்க்கிடெக்ட் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளுங்கள் என்று நாங்களும் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை தெருத்தெருவாக வீடுகள் எங்கள் மேஜையிலிருந்து போனவை. அதில் ஜனங்கள் கல்யாணம் பண்ணினார்கள், பிள்ளை பெற்றார்கள். எங்களுக்கு அது போதும்.

சங்கத்தில் எங்கேயும் எழுதி வைக்காத ஒரு சட்டம் இருந்தது. ஒரு மனையில் முதலில் கோடு போட்டவனைக் கேட்காமல் அடுத்தவன் அங்கே கோடு போடக் கூடாது. அதையும் தனியாகக் கேட்கக் கூடாது, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும். அவன் சரி என்றால் சரி. மாட்டேன் என்றால் அந்த வேலையை ஒருத்தரும் தொடமாட்டார்கள். ஏன் என்று கேட்கிற பழக்கம்கூடக் கிடையாது.

கிடங்கின் முதலாளி தெற்கேயிருந்து வந்து சாக்கு வியாபாரத்தில் பெரிய ஆளானவர். எங்கள் அறைக்கும் அவர்தான் சொந்தக்காரர். தண்டையார்பேட்டையில் ஒரு மனை வாங்கி, கீழே கிடங்கும் மேலே துறைமுகக் கூலிகளின் குடும்பங்களுக்கு ஒற்றை ஒற்றை அறைகளுமாகக் கட்ட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். முன்னால் ஒரு படிக்கட்டு, பின்னால் ஒரு படிக்கட்டு என்று வரைந்துகொண்டு போனேன். கீழே அடுக்கியிருப்பது சாக்கு, அதற்கு ஒரு பீடித்துண்டு போதும். தீ மேலே வருவதற்கு முன்னால் புகை வந்துவிடும். ஒரே படிக்கட்டு இருந்தால் அதுதான் புகைபோக்கி.

அவர் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்வே, ஒரு படி போதாதா? அவனுக என்ன, வலது கால ஒரு படியிலயும் இடது கால இன்னொரு படியிலயுமா வைக்கப்போறானுக?"

"இல்ல அண்ணாச்சி, தீப்பிடிச்சா..."

"வாயைக் கழுவும்! இன்னும் அஸ்திவாரமே தோண்டல, அதுக்குள்ள கொளுத்திட்டீரு. பின்படிய எடும். அந்த எடத்துல ரெண்டு அறை வரும்."

"அத எடுக்க முடியாது அண்ணாச்சி."

"அப்ப உம்மை எடுத்துருதேன்" என்றார்.

அடுத்த நாளே எங்கள் ஆட்களிடம் ஒவ்வொருவராகப் போனார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: முதலில் கோடு போட்டவரைக் கேட்காமல் முடியாது. கடைசியில் எங்களில் பம்பாய் போய்ப் படித்துவிட்டு வந்த ஒரே ஆளைப் பிடித்தார். இளைஞன், கெட்டிக்காரன். எனக்கும் அவனுக்கும் ஆகாது. என் பயத்தை அவன் வியாதி என்பான், அவன் தைரியத்தை நான் திமிர் என்பேன். அவனிடம் முதலாளி கூடுதலாக ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு படியோடு பிளான் வராவிட்டால் அடுத்த மாதம் சங்கத்துக்கு மாடி அறை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவன் எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். பிறகு என்னைப் பார்த்தான்.

"முதல்ல கோடு போட்டது நீங்க. வேலைய நான் எடுத்துக்கலாமா? ஒரு படியோட. எனக்கும் ஒண்ணு போதும்னுதான் படுது."

எங்கள் காரியதரிசி வண்ணாரப்பேட்டை பாய், மூக்குப்பொடி டப்பாவும் கையுமாக இருப்பவர். "நல்லா ரோசன பண்ணி சொல்லு நைனா" என்றார். "நீ மாட்டேன்னா நாமெல்லாம் நடுரோட்ல குந்திகினு இருக்க வேண்டிதான். அப்பால நான் சொல்லலன்னு சொல்லாத."

பின்னாலிருந்து ஒருவர், "ஊருக்கே வூடு கட்றவனுங்களுக்கு வூடு இல்லன்னா கைகொட்டி சிரிப்பானுங்க மாமு" என்றார்.

சரி என்று சொல்லிவிடத்தான் எனக்கு ஆசை. சொன்னால் அறை தங்கும், சண்டை தீரும், முதலாளி என்னை மறந்துவிடுவார். ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாடியில் வரிசையாக அறைகள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், படிக்கட்டில் புகை. ஒரு வாரம் இல்லை, அந்தக் கட்டடம் நிற்கிற வரைக்கும் நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"மாட்டேன்" என்றேன். எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன். "ரெண்டு படின்னா நீங்களே எடுத்துக்குங்க. என் பேருகூட வேணாம். ஒரு படின்னா யாருக்கும் கிடையாது."

அவன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். பாய் ஒரு சிட்டிகை பொடி போட்டு, பலமாகத் தும்மினார்.

"சரி, மேஜைய யாரு தூக்கறது? இங்கயும் எறங்கறதுக்கு ஒத்தப் படிதான் கீது."

அந்த மேஜை திருப்பத்தில் மாட்டிக்கொண்டு பட்டபாடு! அரை மணி நேரம் நாங்கள் மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. பம்பாய்க்காரன் கீழ்ப்பக்கம் தாங்கிக்கொண்டு, "இப்ப தீப்பிடிச்சா நாம காலி" என்று முனகினான். அவன் வாயிலிருந்து அது வந்ததில் எனக்கு அல்ப சந்தோஷம்.

காசிமேட்டில் பாய்க்குத் தெரிந்த ஒருவர் படகு கட்டும் கொட்டகை வைத்திருந்தார். அடுத்த கூட்டம் அங்கே. தார் வாசனை, மீன் எண்ணெய் வாசனை, சுத்தியல் சத்தம். ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஆனால் ஒருவர் குறையாமல் வந்திருந்தார்கள். உன்னால்தானே என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் நான் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டேன்.

முதலாளி எங்கெங்கோ அலைந்து பார்த்தார். டவுன் ஆபீஸ்களுக்குச் சாக்குக் கிடங்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது, கிடங்கில் இடம் போதாமல் வெளியே கிடந்த சரக்கு நனைந்தது. பம்பாய்க்காரனைக் கூப்பிட்டு அனுப்பி, "போட்டுத் தொலையும் ரெண்டு படிய. அந்தப் பயந்தாங்கொள்ளி மட்டும் மனைப்பக்கம் வரப்படாது" என்றாராம்.

போனேன். போகாமல் இருக்க முடியுமா? சுவர் எழும்பியிருந்தது, பின்படியும் இருந்தது. ஆனால் பக்கத்தில் கைப்பிடியைச் செங்கல் சுவராகவே எழுப்பி, படியின் அகலத்தைத் தின்றிருந்தார்கள். அந்த ஞாயிறு கொட்டகையில் சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"எதிர்ல ஒருத்தர் வந்தா ஒதுங்க எடமில்ல."

"உங்களுக்கு எப்பதான் திருப்தி வரும்?" என்று பம்பாய்க்காரனும் கத்தினான்.

"வராது. வாங்க, அளந்து பாக்கலாம்."

"போய் அளந்துட்டு வா சார், இல்லாட்டி இந்தாளு நம்ம உசிர எடுத்துடுவாரு" என்றார் பாய்.

இரண்டு பேரும் நேராகத் தண்டையார்பேட்டை போனோம். முதலாளி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏய், எவன்வே உம்மை உள்ள விட்டது?" என்று பாய்ந்து வந்தார். நான் படியேறிவிட்டேன். பம்பாய்க்காரன் டேப்பை விரித்து ஒரு முனையை என்னிடம் நீட்டினான். கீழே முதலாளி போலீசைக் கூப்பிடுவேன் என்கிறார், வேலையாட்கள் கொத்துக் கரண்டியும் கையுமாக வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்குப் பயம்தான். இருக்கட்டும் என்று டேப்பைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெருவரைக்கும் கேட்கிற மாதிரி அளவைப் படித்தேன்.