யாராவது சிரித்தால்

போன வருடம் ஜூன் மாதம் கணவருக்கு வேலை மாற்றலாகி, திருநெல்வேலியிலிருந்து திருத்தணிக்குக் குடிவந்தோம். சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்தேன். மகள் டெங்குவில் படுத்துக் கிடந்தபோது, அவள் முடியை முருகனுக்குத் தருவதாக வேண்டியிருந்தேன். எந்த ஊர் முருகன் என்று சொல்லவில்லை. இப்போது அவர் காலடிக்கே வந்தாயிற்று, இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று மலைக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டுவிட்டேன். மறுநாளே அவளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது என் பக்தி மூளைக்கு எட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தவள் ஒரு மூச்சு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்கூல்ல யாராவது சிரிச்சா நான் பெரியம்மா வீட்டுக்கே போயிருவேன். அங்கயே பழைய ஸ்கூல்ல படிச்சுக்கிறேன்" என்றாள். அப்போதைக்குச் சமாளிக்க, சரி என்று சத்தியம் செய்து கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. என் மகள் சொன்னால் செய்கிறவள். பத்து வயதுப் பிள்ளையைப் பிரிந்து நான் எப்படி இருப்பேன்?

மறுநாள் தலையில் ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை சான்றிதழ்களை வாங்கிப் பார்த்து உடனே சேர்த்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்றதும் என் புடவையைப் பிடித்தவள் விடவே இல்லை.

வகுப்பு டீச்சர் அவளைக் கிட்டே இழுத்து, "சந்தன வாசன வருதே. மலைக்குப் போய்ட்டு வந்தியாம்மா?" என்றார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் ஒரு நொடி பார்த்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இங்க மொட்ட போட்டவங்கள்லாம் கை தூக்குங்க."

அநேகமாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசி பெஞ்சில் ஒரு பையன் மட்டும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாடா, ரெண்டு கையி?"

"ரெண்டு வாட்டி டீச்சர். எங்க மாமாவுக்குக் கல்யாணம் ஆவணும்னு எனக்குத்தான் அடிச்சாங்க."

"ஆச்சா?"

"ஆவல டீச்சர். பொண்ணு பாத்துகினே கீறாங்க."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. எனக்குச் சத்தியம் நினைவுக்கு வந்தது. பயந்துகொண்டே மகளைப் பார்த்தேன். அவள் புடவையை விட்டுவிட்டு, வாயைப் பொத்தித் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன் பெஞ்சில் கிராப் அளவுக்கு முடி வளர்ந்திருந்த ஒரு பெண், "இங்க வந்து குந்து" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். வெளியே வந்து சுவரோரம் நின்று நான் கொஞ்ச நேரம் அழுதேன்.

சாயங்காலம் ஸ்கார்ஃபைப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வெறுந்தலையோடு வந்தாள். "யாராவது சிரிச்சாங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எல்லாரும்தான். நானும் சிரிச்சேன்" என்றவள், "அந்த மாமாவுக்கு நம்ம ஊர்ல பொண்ணு பாக்கலாமாம்மா?" என்று கேட்டாள். பெரியம்மா வீட்டுப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

இப்போது அவளுக்கு ரெட்டைப் பின்னல் போடும் அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது. அந்த மாமாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். மலைக்குப் போகும்போதெல்லாம், என் பிள்ளையை என்னிடமே இருக்க வைத்த அந்த முகம் தெரியாத மனிதருக்காகவும் சேர்த்துத்தான் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.