மீன் எண்ணெய் சோப்பும் சர்க்கார் ஆலோசகரும்

நான் சோப்பு செய்யக் கற்றுக்கொள்ளப் போனதற்குக் காரணம் மின்விசிறி. இதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது சொல்வதில் தவறில்லை.

சுதந்திரம் வந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ஏழு குடித்தனத்துக்கு ஒரே குழாய் இருந்த ஒரு வளவில் நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கிடங்குக் காவல் வேலை. பக்கத்து வீட்டில் இருந்தவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் வீட்டுக்காரரை எல்லோரும் பாய் என்பார்கள். வண்ணாரப்பேட்டையில் சின்னப் பெட்டிக்கடை போட்டு அத்தரும் கண்ணுக்கிடும் சுர்மாவும் விற்றுவந்தார். மத்தியான வேளைகளில் எங்கள் வீட்டின் தகரக்கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பது அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று வந்தது. சிறுதொழில் செய்ய விரும்பும் தாய்மார்களுக்கு சர்க்கார் ஆறு வாரம் இலவசமாகப் பயிற்சி தரும், அதற்குப் பிறகும் ஓர் ஆலோசகர் மாதாமாதம் வீட்டுக்கே வந்து யோசனை சொல்வார் என்று ஒரு குரல் கத்திக்கொண்டே போனது. அக்கா உடனே என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏம்மே, வரியா? பயிற்சி குடுக்கற ஹாலு எனக்குத் தெரியும். மேல ரெண்டு ஃபேனு கீது."

மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

ஹாலில் பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். பன்னிரண்டு பேரும் விசிறிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு எதிரே, காற்றே இல்லாத மூலையில், கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டு வியர்த்து வழிந்தபடி ஓர் இளைஞர் நின்றிருந்தார். அவர்தான் ஆலோசகர். இருபத்தைந்து வயது இருக்கும். கும்பகோணத்துப் பக்கம். எவ்வளவு வெட்டியாகப் பேசினாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிற ஒரு நல்ல குணம் அவருக்கு இருந்தது. அதனால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதல் நாள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஓர் அச்சடித்த படிவத்தை நிரப்பினார். அக்காவின் முறை வந்தது.

"உங்க தொழிலோட நீண்டகால நோக்கம் என்னம்மா?"

"சோப்பு செய்யறதுதான் தம்பி."

"அது இப்போதைய நோக்கம். அஞ்சு வருஷம் கழிச்சு?"

"அப்பவும் சோப்புதான். அழுக்கு எங்க போவப்போவுது?"

 ஆலோசகர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"உங்களுக்குப் போட்டின்னு யாரைச் சொல்வீங்க?"

"மூணாம் நம்பர் வூட்டுக்காரிதான். கொயாவாண்ட நான் எப்போ போனாலும் அவ கொடம் முன்னாடி கீது."

"அவங்களும் சோப்பு தயாரிக்கிறாங்களா?"

"அவளா? அவ சோப்ப கண்ணால பாத்தே நாளாவுது."

அதையும் எழுதிக்கொண்டார். அந்தப் படிவம் எந்த மேஜைக்குப் போய், யார் அதைப் படித்தார்களோ, தெரியாது.

காலையில் ஒரு வயதான அம்மாள் வந்து சோப்பு காய்ச்சக் கற்றுத் தருவார். தேங்காய் எண்ணெய் இவ்வளவு, காஸ்டிக் சோடா இவ்வளவு, கரைத்த சோடாத் தண்ணீரை ஆறவிட்டு எண்ணெயில் விட்டு ஒரே பக்கமாகக் கிண்டவேண்டும், இட்லிமாவுப் பதம் வந்ததும் மரச்சட்டத்தில் ஊற்றவேண்டும். அது எங்களுக்குச் சுலபமாக வந்தது. மத்தியானம் ஆலோசகர் வந்து வியாபாரம் செய்வது எப்படி என்று சொல்லித்தருவார். அதுதான் வரவில்லை.

ஒருநாள் அவரே வாடிக்கையாளராக நடித்தார். நான் அவருக்கு ஒரு சோப்பை விற்கவேண்டும்.

"சோப்பு வேணுமா சார்?" என்றேன்.

"வேண்டாம்மா, வீட்டில் இருக்கிறது," என்றார்.

"சரி சார்," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆலோசகர் எழுந்து நின்று, வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் விற்பனையே தொடங்குகிறது என்று விளக்கினார். அடுத்து அக்கா போனார். ஆலோசகர் வேண்டாம் என்றார்.

"வேணான்னா இன்னாத்துக்குய்யா கடைக்கு வந்தே? ஃபேன் காத்து வாங்கவா?"

பன்னிரண்டு பேரும் மேலே சுற்றிய விசிறியைப் பார்த்துக்கொண்டோம். ஆலோசகர் ஒரு சோப்பை வாங்கிக்கொண்டார். நிஜமாகவே வாங்கிக்கொண்டார், திருப்பித் தரவில்லை.

ஆறு வாரம் முடிந்து நானும் அக்காவும் கூட்டாகத் தொழில் தொடங்கினோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சாக்கு மறைப்பு, ஒரு பீங்கான் தொட்டி, துடுப்பு, மரச்சட்டம் எல்லாம் தயார். ஆனால் தேங்காய் எண்ணெய் விற்ற விலைக்கு அதைச் சோப்பில் கொட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. மாதாந்திர யோசனைக்கு வந்த ஆலோசகரிடம் சொன்னோம். அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"அந்தந்த வட்டாரத்தில் மலிவாகக் கிடைக்கும் மூலப்பொருளைப் பயன்படுத்தணும்னு போட்டிருக்கும்மா. இந்தப் பக்கத்தில் மலிவா என்ன எண்ணெய் கிடைக்கும்?"

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காசிமேட்டுல மீன் எண்ணெ கெடைக்கும். படகுக்குப் பூசறது."

ஆலோசகர் திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தார். மீன் எண்ணெயிலும் சோப்பு வரும் என்று அதில் ஒரு வரி இருந்தது. வாசனையைப் பற்றி ஒன்றுமில்லை.

எண்ணெய் ஒரு தகர டின்னில் வந்தது. மூடியைத் திறந்ததும் மூணாம் நம்பர் வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அக்கா அசரவில்லை. பாயின் பெட்டியிலிருந்து ஒரு மல்லிகை அத்தர் சீசாவைக் கொண்டுவந்து அப்படியே கவிழ்த்தார். கிண்டினோம், ஊற்றினோம், நாலு வாரம் காயவைத்தோம். பழுப்பு நிறத்தில், கொஞ்சம் கொழகொழப்பாக, ஆனாலும் சோப்பு என்று சொல்லும்படியான ஒரு பொருள் வந்தது. மோந்து பார்த்தால் மல்லிகை மணந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். முதல் கட்டியைத் தட்டில் வைத்து ஆலோசகருக்குக் கொடுத்தோம். இரண்டாவது கட்டியில் நான் என் வீட்டுக்காரரின் காக்கி உடுப்பைத் துவைத்தேன்.

காய்ந்திருந்தவரை அந்தச் சோப்பில் மல்லிகைதான் மணந்தது. தண்ணீர் பட்டால் மீன் எழுந்துவிடும். துணியில் ஏறி, உலர்ந்து, உடம்பு வியர்த்ததும் மறுபடி எழும்.

மறுநாள் என் வீட்டுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்கு நடந்து போகும்போது பாலத்தடியில் ஒரு பூனை பின்னால் வந்ததாம். யாருடைய பூனையோ என்று போனாராம். துறைமுக வாசலை நெருங்கும்போது நாலு பூனை. ஆனால் அது ஒன்றுமில்லை. தானியக் கிடங்குகளில் எலிக்காகவே ஒரு பட்டாளம் பூனை வளர்ப்பார்கள். பகல் பதினோரு மணிக்கு வெயில் ஏறி அவர் வியர்க்கத் தொடங்கியதும், அந்தப் பட்டாளம் முழுதும் எலிகளை விட்டுவிட்டு வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. அவர் நடந்தால் நடந்தது. நின்றால் உட்கார்ந்தது. மேஸ்திரி வந்து பார்த்தாராம்.

"இன்னா நைனா, நீ கெடங்குக்குக் காவலா, பூனைக்குக் காவலா?"

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே சட்டையைக் கழற்றி எறிந்தார். "இந்தாமே, சர்க்காரு பயிற்சி குடுக்கச் சொல்லோ இத்தெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கத்தினார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அழுவதுபோல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்து அவர் பயந்துபோய், "சரி சரி, விடு, பூனைதானே," என்றார்.

மறுவாரம் ஆலோசகர் வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் மூன்று பூனைகள். அவர் அவற்றைப் பார்க்காத மாதிரியே வந்து, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தை மடியில் விரித்தார். ஒரு பூனை படிவத்தின்மேல் ஏறிப் படுத்தது.

"பொருளில் ஒரு சின்னக் குறை இருக்கு," என்றார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காத. தொழில் தோத்துப்பூட்ச்சுன்னு எழுதிக்கோ," என்றார் அக்கா.

"அப்படி எழுத இடம் இல்லையே." பூனையைத் தூக்கிக் காட்டினார். அடியில் இரண்டே கட்டம்: வளர்ச்சி, நல்ல வளர்ச்சி. அவர் வெகுநேரம் தயங்கி, வெறும் வளர்ச்சி என்பதில் குறி போட்டார்.

அக்காவுக்குக் கோபம் அவர்மேல் இல்லை, சோப்பின்மேல். அவர் போனதும் ஊறப்போட்டிருந்த சோப்புத் தண்ணீரை வாளியோடு தூக்கிப் பின்பக்கத்துச் செம்பருத்திச் செடிமேல் கொட்டினார். அது ஏற்கெனவே சாகக்கிடந்த செடி. தண்டெல்லாம் சுண்ணாம்பு அடித்தமாதிரி வெள்ளையாய் மாவுப்பூச்சி அப்பியிருந்தது. நாலைந்து நாள் கழித்துக் குழாயடிக்குப் போனபோது பார்த்தேன். பூச்சிகள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. அக்காவைக் கூப்பிட்டேன். இன்னொரு வாளி ஊற்றிப் பார்த்தோம். பத்து நாளில் செடியில் ஒரு பூச்சி இல்லை. புதுத் துளிர் வந்தது.

அடுத்த மாதம் ஆலோசகருக்கு அதைக் காட்டினோம். அவர் செம்பருத்திச் செடியின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து மூச்சு வாங்க வந்தார். விவசாயம் படித்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டாராம். மீன் எண்ணெய்ச் சோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தோட்டக்காரர்கள் பூச்சிக்குத் தெளிப்பது ரொம்ப நாளாக உள்ள வழக்கம்தானாம். மேற்குக் கடற்கரையிலிருந்து அந்தச் சோப்பு ரயிலில் வருகிறதாம்.

"நீங்க செஞ்சது சரியான சோப்புதாம்மா! துணிக்குத்தான் இல்லை!"

 பாவம், அவருக்கும் அதுதான் முதல் தொழில்.

அந்த வருஷம் நகரத்தில் நடந்த பொருட்காட்சியில் சிறுதொழில் வரிசையில் எங்களுக்கும் ஒரு தட்டி மறைப்பு வாங்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் ஊறுகாய்க் கடை, மறுபக்கம் பொம்மைக் கடை. சோப்பு நுரைப்பதைக் காட்ட ஒரு வாளியில் கரைத்துவைத்தோம். அது தப்பாகிவிட்டது. ஜனங்கள் ஊறுகாய்க் கடை வரை வந்து, அங்கிருந்து ஒரு பெரிய அரைவட்டமாக நடந்து பொம்மைக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று நாளில் ஒருவர்கூட எங்கள் முன்னால் நிற்கவில்லை. ஊறுகாய்க்காரர் சாக்குத் துணியை எங்கள் பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டார்.

நாலாம் நாள் ஒரு பெரியவர் நேராக நடந்து வந்து எங்கள் முன்னால் நின்றார். கழுத்தில் மஃப்ளர், கையில் கைக்குட்டை. கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. சளி பிடித்து மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. மாதவரத்தில் மாந்தோட்டமும் ரோஜாத் தோட்டமும் வைத்திருந்தவர்.

"இது என்ன சோப்பு?" என்று மூக்கால் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் ஆலோசகர் முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னார். மாவுப்பூச்சி, செம்பருத்தி, எத்தனை தண்ணீருக்கு எத்தனை சோப்பு. பெரியவர் ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"வாசனையே இல்லையே," என்றார்.

"அய்யே, ஒண்ணியும் வராது சாமி," என்றார் அக்கா.

இருந்த எல்லாவற்றையும் வாங்கிப் போனார். சளி தீர்ந்ததும் வந்து சண்டை போடுவார் என்று இரண்டு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஆள்தான் வந்தான். பூச்சி எல்லாம் போயிற்று, இன்னும் வேண்டும், ஆனால் இனிமேல் தோட்டத்து வாசலுக்கு வெளியிலேயே இறக்கிவிடச் சொன்னார் அய்யா என்றான்.

அதிலிருந்து ஆறு வருஷம் நாங்கள் அந்தச் சோப்பைக் காய்ச்சினோம். மாதவரம், புழல், அப்புறம் செங்குன்றம் வரை போயிற்று. அத்தர் ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். பாய்க்கு அது பெரிய நிம்மதி. ஆலோசகருக்கு இரண்டாம் வருஷமே சேலத்துக்கு மாற்றலாகிவிட்டது. போகிற அன்று வந்து, நல்ல வளர்ச்சி என்ற கட்டத்தில் அழுத்தமாகக் குறி போட்டுவிட்டு, எங்களைப் பார்க்காமல் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அக்கா அவருக்கு ஒரு தூக்குச்சட்டி நிறைய பிரியாணி கொடுத்தனுப்பினார்.

பிறகு என் வீட்டுக்காரரே ஒரு பலகையில் வெள்ளை பெயிண்டால் 'செடி சோப்பு இங்கு கிடைக்கும்' என்று எழுதி வாசலில் மாட்டினார். ஒருநாள் திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார். வீட்டில் எலுமிச்சைச் செடி ஒன்று வைத்திருக்கிறாராம். ஒரு கட்டி வாங்கிக்கொண்டு, எப்படிப் போடவேண்டும் என்று விவரமாகக் கேட்டார். கரைத்து மேலே தெளிக்கவேண்டும் என்று சொன்னேன். படி இறங்கியவர் திரும்பி வந்தார்.

"அப்பாலிக்கா துண்டால தொடைக்கணுமா?"

எனக்கு வாயைத் திறக்கவே பயம், சிரித்துவிடுவேனோ என்று. அக்கா முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார்:

"வேணாண்ணே. அதுவே வெயில்ல நின்னு காஞ்சிக்கும்."

அவர் நிம்மதியாகப் போனார்.