மேசையில் இரண்டு மருந்து டப்பா

வில்பர்னின் இடதுகை ஒரு காலித் தோட்டாவின் பித்தளைக் குப்பியை எடுத்து அதன் வாயோரத்தைப் பெருவிரலால் தடவுகிறது. கீறல் தட்டுப்பட்டால் அது குப்பைக்குப் போகும். இல்லையென்றால் வலதுகை நெம்புகோலை இழுக்கும். பிறகு வெடிமருந்து, தராசு, குண்டு. மறுபடி நெம்புகோல். தோட்டா ஒன்று தயார்.

மேசன் ஊரில் கடைத்தோட்டாவுக்குப் பஞ்சமில்லை. வில்பர்ன் தொடமாட்டார். "அது எல்லாருக்கும் பொதுவா தைச்ச சட்டை. என் துப்பாக்கிக்கு அக்குள்ல பிடிக்கும்" என்பார்.

குண்டைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் பேச்சு நீளும். "பன்னிக்குத் தோள்ல லாரி டயர் மாதிரி தடிச்ச தோலு. ஈயக்குண்டு மேலயே நசுங்கி நின்னுரும். செம்புதான் உள்ள போகும். அதையே மானுக்குப் போட்டா இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிட்டே இருக்கும். மான் என்னாச்சுன்னு யோசிச்சுக்கிட்டே கால் மைல் ஓடும்."

"எனக்கு ஒரு சட்டை வாங்க நீ இவ்வளவு யோசிச்சதில்ல" என்பார் மனைவி நெல்டா. முதியோர் இல்லத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர்.

"சட்டை வெடிக்காதே, நெல்டா."

அவர் தோட்டா செய்யும் கொட்டகையில் ஒரே ஒரு சட்டம்: மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். பன்றிக்கு ஒரு மருந்து, மானுக்கு வேறு. இரண்டும் கருகிய சேமியாத் துணுக்குகள் போலத்தான் இருக்கும். கொட்டிவிட்டால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. மெதுவாக எரிவதற்கான அளவில் வேகமாக எரிவதைப் போட்டுவிட்டால், சுடுகிறவர் முகத்தருகே துப்பாக்கி பிளக்கும்.

மான் வேட்டைப் பருவம் தொடங்கும் சனிக்கிழமைக்கு முந்தின நாள் அது. பக்கத்துப் பண்ணை ரோசால்வாவின் ஓட்ஸ் வயலைக் காட்டுப்பன்றிகள் உழுதுபோட்டிருந்தன. வில்பர்ன் காலையில் அவளுக்காக இருபது தோட்டா கெட்டித்தார். பாதியில் நெல்டா சாப்பிடக் கூப்பிட்டார்; சோளரொட்டி சூடாக இருந்தது. எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியை முடித்தார். மதியம் ரோசால்வா வந்து தோட்டாக்களை வாங்கிப்போனாள்.

மூன்று மணிக்கு மேசையைத் துடைக்கத் துண்டைத் தூக்கினார். அடியில் மூடி திறந்தபடி இரண்டாவது மருந்து டப்பா இருந்தது.

அவர் சமையலறை வாசலில் வந்து நின்ற நிற்பிலேயே நெல்டா அடுப்பை அணைத்துவிட்டார்.

"எதுல இருந்து கொட்டுனேன்னு தெரியல. மிச்சத்தை எதுல திருப்பிக் கொட்டுனேன்னும் தெரியல."

நெல்டா ரோசால்வாவைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தார். "அவ எடுக்கல. சாவியக் குடு. நான் ஓட்டறேன்."

ரோசால்வா பண்ணையின் வெளிக்கதவிலிருந்தே நெல்டா ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டு போனார். குறி பார்க்கத் தயாராக, மணல்மூட்டையின்மேல் துப்பாக்கியை வைத்துக் குனிந்திருந்த ரோசால்வா காதடைப்பைக் கழற்றினாள்.

"சுட்டுட்டியா?" என்று கத்தினார் வில்பர்ன்.

"இல்ல மிஸ்டர் வில்பர்ன், இப்பத்தான் உள்ள போட்டேன்."

"வெளிய எடு. எல்லாத்தையும் குடு."

"ஏன், குறி தப்புமா?"

"குறி தப்பாது. நான் தப்பிட்டேன்." மருந்து விஷயத்தை நாலே வார்த்தையில் சொன்னார்.

ரோசால்வா தோட்டாவை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "நாப்பது வருஷமா உங்க தோட்டா ஒண்ணுகூட கெட்டதில்லன்னு ஊரே சொல்லுதே."

"நாளையில இருந்து வேற ஏதாவது சொல்லட்டும்."

"இவரே ஓடி வந்து சொன்னார்னு ஊருக்குச் சொல்லு. வெக்கத்துல ரெண்டு வாரத்துக்கு வீட்டுல அடங்கிக் கிடப்பார்" என்றார் நெல்டா.

வில்பர்ன் சட்டைப்பையிலிருந்து ஆறு தோட்டாக்களை எடுத்தார். விடிந்ததும் மானுக்குப் போவதற்காகப் போன வசந்தத்தில் கெட்டித்து, தனக்கென்று வைத்திருந்தவை. "இது மான் குண்டு. பன்னிக்குத் தோள்ல அடிக்காத, தோல்லயே நின்னுரும். காதுக்குப் பின்னால அடி."

"அப்ப நீங்க?"

"எனக்கு வீட்டுல வேலை இருக்கு."

மறுநாள் விடியும்போது மலைச்சரிவெங்கும் வெடிச்சத்தம் கேட்டது. ஓட்ஸ் வயல் பக்கமிருந்து ஒன்று கேட்டது. நெல்டா காப்பிக் கோப்பையோடு நின்று காத்திருந்தார். இரண்டாவது வரவில்லை.

வில்பர்ன் ரோஜாப் பாத்தியோரம் கட்டையின்மேல் உட்கார்ந்து, சுத்தியல் போன்ற கழற்றியில் தோட்டாவை மாட்டித் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குண்டு கழன்று விழுந்தது. இருபதும் முடிந்ததும் அந்த மருந்தைச் செடிகளின் அடியில் தூவினார். ரோஜாவுக்கு அது நல்ல உரம். பிறகு எதில் எது கலந்ததென்று தெரியாத அந்த இரண்டு மருந்து டப்பாக்களையும் திறந்தார். ஒன்று முக்கால், மற்றது ஏறக்குறைய நிறைந்திருந்தது.

"எல்லாத்தையுமா?" என்றார் நெல்டா.

"எல்லாத்தையும்."

கவிழ்த்துக் கொட்டி, காலி டப்பாக்களை பூட்ஸ் காலால் மிதித்துத் தட்டையாக்கிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.